இரட்டைத் தையல்

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று இரண்டு பஸ் மாறி, வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, என் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்தால், ஜெயில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "அவர் யாரையும் பார்க்க விரும்பலன்னு எழுதிக் கொடுத்துட்டாரும்மா." எந்த அவர்? நான் மூக்குச் சிந்திவிட்ட அவர். "நான் யாரோ இல்ல, அவனோட அக்கா"ன்னு சொன்னேன். "அக்காவும் யாரையும்ல சேர்த்திதாம்மா" என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். காகிதத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியாதே.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. வக்கீல் எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் நீயாக எழுந்து "எல்லாக் குற்றத்தையும் ஒத்துக்கறேன்" என்றாயே, யாரைக் கேட்டுச் சொன்னாய்? சாட்சி இல்லை, விசாரணை இல்லை, அந்த வண்டி ஆய்வாளர் எழுதிய அறிக்கையைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஐந்து வருஷம். கறிகாய்க்காரனிடம்கூட இதைவிட அதிக நேரம் பேரம் பேசுவாய்.

நீ வேண்டுமென்று செய்தவன் இல்லை. மழை, வளைவு, வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் போய்க் கம்பத்தில் இடித்தது. இடித்தது உன் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம். உன் பக்கமாக இருந்தால் இன்று அவள் இருப்பாள், நீ இருக்கமாட்டாய். ஊசிக்காரி, ஊசிக்காரி என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் பூராவும் ஊருக்கே ஊசி குத்துகிறவள். அவள் விடமாட்டாள். "அண்ணி, உங்க ஊசிதான் பெரிசு, நீங்க கார் சீட்டு ரெக்சினையே குத்தறீங்க" என்பாள். வீட்டுக்கு இரண்டு ஊசிக்காரிகள் இருந்தோம்.

அந்த வண்டியில் நீ என்னதான் மாற்றாமல் விட்டாய்? கம்பெனிக்காரன் செய்து கொடுத்த ஸ்பிரிங் பிடிக்கவில்லை என்று கழற்றிப்போட்டு, குட்டை ஸ்பிரிங் வைத்து வண்டியைத் தரையோடு தரையாக்கினாய். வேகத்தடை வந்தால் வண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறும். அகலச் சக்கரம். தெருமுனையில் வரும்போதே வீட்டில் பாத்திரம் அதிரும் சைலன்சர். "அண்ணி, இவரு என்னைக் கட்டிக்கிட்டதே வண்டிக்குப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடுக்கத்தான்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்த ஸ்பிரிங்தான் வழுக்கிவிட்டது. மாட்டிக் கொடுத்தானே நெட்டை மெக்கானிக், அவன்தான் உள்ளே இருக்க வேண்டியவன். தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு போடலாம் என்கிறார் வக்கீல். நான் போடத்தான் போகிறேன்.

அவள் கைப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்த போலீஸ்காரர் ஒன்று சொன்னார். "வண்டி அப்பளமா நொறுங்கிடுச்சும்மா. ஆனா சீட்டு கவர் மட்டும் ஒரு நூல் பிரியல. யார் தைச்சது?" நான் என்றேன். சொல்லும்போது ஒரு நொடி பெருமையாக இருந்தது. அப்புறம் அந்தப் பெருமையை நினைத்து அவமானமாக இருந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் பொடிசு நன்றாகச் சாப்பிடுகிறது. இந்த வருஷம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டது. பொம்மைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன், இரண்டே நாளில் பக்கத்துத் தையல் பிரிந்து வந்துவிட்டது. "அத்தை, நீ தைக்கறதுல மட்டமான டெய்லரு" என்று என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. நூல் அப்படி. கடைக்குப் புதுச் சீட் துணி வந்தபோது கூடவே ஒரு ரீல் வந்தது. நூலா அது, சிலந்தி வலையா? தொட்டால் அறுகிறது. சீட்டுக்கு ஆகாது, பொம்மைக்காவது ஆகட்டும் என்று எடுத்து வந்தேன். அதற்கும் ஆகவில்லை.

வீம்பு பிடிக்காமல் பதில் எழுது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மேல்முறையீடு வேண்டாம். வண்டியை ஓட்டியது நான். மழையில் எண்பதில் போனேன். அவள் இரண்டு தடவை மெதுவாகப் போகச் சொன்னாள். இரண்டாவது தடவை நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். ஐந்து வருஷத்துக்கு இது போதாதா?

நெட்டையைத் தொந்தரவு செய்யாதே. அவன் வேலை சுத்தம். ஸ்பிரிங் நான் கேட்டதுதான், அவன் மூன்று முறை வேண்டாம் என்றான்.

பகலில் எனக்குச் சமையல்கட்டில் வேலை. நானூறு பேருக்கு வெங்காயம் உரிக்கிறோம். இது நல்ல வேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் என்னவென்று கேட்பதில்லை.

உன்னைப் பார்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது கோபத்தில் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் ஏதாவது பேசிவிடுவேன். அதற்கு மேல் கேட்காதே.

பொடிசுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடாதே, அவளுக்குப் பிடிக்காது. பொடிசைச் சொல்லவில்லை. அவளைச் சொல்கிறேன். பிடிக்காது என்று எழுதிவிட்டேன். பிடித்திருக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி நிற்கும் இடத்துக்குப் போகாதே. அதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

போகாதே என்றால் போகிறவள் நான் என்று உனக்குத் தெரியும், அப்புறம் ஏன் எழுதுகிறாய்? இன்னும் போகவில்லை. போவேன்.

முதலில் நெட்டையிடம் போனேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். "உன் ஸ்பிரிங்தான்டா அவளைக் கொன்னுச்சு" என்றேன். அவன் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை தலை குனிந்து நின்றான். நான் அடிப்பேன் என்று நினைத்திருப்பான், அடித்தாலும் அடித்திருப்பேன்.

அப்புறம் சொன்னான்: "ஸ்பிரிங் ஒடையலக்கா. சக்கரம் கழலல. நான் போட்ட எதுவும் விட்டுப் போகலன்னு அறிக்கையிலயே இருக்கு. போலீஸ் என்னையும்தான கூப்பிட்டு விசாரிச்சாங்க."

"அப்போ ஏன் செத்தா?"

"நீங்க அந்த அறிக்கையைப் படிக்கலையா?"

"இல்ல."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உங்க தம்பி அவ்வளவு அவசரமா ஒத்துக்கிட்டது சும்மா இல்லக்கா. விட்டுடுங்க. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சுருக்காரு." டீ வாங்கி வரச் சொன்னான். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

யாரையோ காப்பாற்றுகிறாய். அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் இல்லை என்றால் சக்கரம் விற்றவனா? பிரேக் கட்டை விற்றவனா? சிநேகிதன், சிநேகிதன் என்று உயிரை விடுவாயே, அவர்களில் யாருக்காக உன் மகள் தகப்பன் இல்லாமல் வளர வேண்டும்? அவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவான், நீ வெங்காயம் உரிப்பாய். அவன் யாராக இருந்தாலும் நான் விடப்போவதில்லை. கழுத்தைப் பிடித்து நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். இது அவள்மேல் சத்தியம்.

வக்கீலிடம் அறிக்கையின் நகல் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் தருகிறார்.

பொடிசு இப்போது கண்டக்டர். நான் சீட் கவர் மாட்டும்போது, சீட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சாம்பல் நிறத் துணுக்குத் துணியை வெட்டிப் பெட்டியில் போட்டு வைப்பேன் இல்லையா, உன் வண்டியில் முதலில் வெட்டினோமே, அதே. உன் வண்டியைப் பார்த்துவிட்டு எல்லோரும் "அந்த மாதிரியே வழவழன்னு வேணும்" என்று கேட்டதால் வரிசையாக வெட்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. அதெல்லாம் இப்போது பஸ் டிக்கெட். பொம்மைகள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கப்படுகிறது. எங்கே போகிறது பஸ் என்று கேட்டேன். "அப்பா ஆபீசுக்கு" என்றது. உன்னை ஆபீசில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

வக்கீலுக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். என் அனுமதி இல்லாமல் எந்த நகலும் உனக்குத் தரக்கூடாது என்று.

நீ யார் இதில் நுழைய? செத்தது என் மனைவி. ஜெயிலில் இருப்பது நான். உனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை, அதனால் என் குடும்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பொழுது போக்குகிறாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். என் சண்டையை எல்லாம் நீயே போட்டாய். இந்தச் சண்டை உன்னுடையது இல்லை.

யாரையும் நான் காப்பாற்றவில்லை. நெட்டை உளறுகிறான்.

இன்னொரு தடவை அறிக்கை, வழக்கு என்று எழுதினால் உன் கடிதங்களை வாங்கமாட்டேன். அதற்கும் இங்கே ஒரு தாள் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

நீ எழுதியது சுருக்கென்று தைத்தது. பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பொழுது போக்குகிறாய் என்ற வரியைத் துணி வெட்டும்போது, சாப்பிடும்போது, பொடிசுக்குத் தலை வாரும்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எதற்காக அப்படி எழுதினாய் என்று இப்போது தெரியும். அதனால் அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

வியாழக்கிழமை வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன்.

கேட்டைத் தாண்டியதும் நசுங்கிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் சுண்ணாம்பால் ஒரு எண். உன்னுடையது சுவர் ஓரமாக இருந்தது. அறிக்கை எழுதிய அதே ஆய்வாளர் வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், வயதானவர், காதில் பென்சில். நான் சொந்தக்காரி என்றதும் தானாகவே பக்கத்தில் வந்தார். "இந்த வண்டி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. வருத்தமான கேஸ்" என்றார்.

எந்தச் சாமானில் கோளாறு என்று கேட்டேன். எழுதிக்கொள்ள நோட்டுகூட எடுத்துப் போயிருந்தேன்.

அவர் அவள் பக்கத்துக் கதவை, கதவு என்று என்ன மிச்சம் இருக்கிறதோ அதை, தள்ளிக் காட்டினார். "இந்த மாடல்ல சீட்டு ஓரத்துக்குள்ளயே ஒரு காத்துப்பை மடிச்சு வெச்சிருப்பாங்கம்மா. பக்கவாட்டுல இடிச்சா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள சீட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து ஆளுக்கும் கதவுக்கும் நடுவுல நிக்கும். அடி பட்டாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. இங்க பாருங்க."

பார்த்தேன். நான் தைத்த சீட். விளிம்பில் சிவப்புப் பைப்பிங் பட்டி. ஓரத்தில் உள்ளே ஏதோ வீங்கி, கவர் ஒரு பக்கம் உப்பி நின்றது. தையல் இழுபட்டு ஒவ்வொரு கண்ணும் வாயைத் திறந்திருந்தது. ஆனால் ஒன்றுகூட விடவில்லை.

"பை வேலை செஞ்சுருக்கும்மா. வெளியதான் வர முடியல. இந்த இடத்துல மட்டும் லேசான நூல்ல தைக்கணும், இழுத்தா அறுந்துடற மாதிரி. அதுக்குன்னு துணியோடவே தனியா நூல் கொடுப்பாங்க. இவங்க நைலான்ல ரெட்டைத் தையல் போட்டுட்டாங்க. பிரமாதமான தையல். அதான் பிரச்சனை."

நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன். அவரே கேட்டார்: "தைச்சவங்க யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அவங்ககிட்ட சொல்லிடுங்க. இன்னும் எத்தனை வண்டிக்கு இப்படித் தைச்சாங்களோ."

"சொல்றேன்" என்றேன்.

அப்புறம் பஸ்ஸில் ஏறினேனா, எப்படி இறங்கினேன், எதுவும் ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து பொம்மைச் சட்டையை எடுத்தேன். பக்கத்துத் தையலில் ஒரு விரலை வைத்து அழுத்தினேன். பட்டென்று பிரிந்தது. ரீல் என் மிஷின் இழுப்பறையில்தான் இருக்கிறது, சிவப்புக் காகிதம் சுற்றி. காகிதத்தை விரித்துப் பார்த்தால் உள்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. படம்கூடப் போட்டிருக்கிறான், சீட்டும் அம்புக்குறியும். அந்தக் காகிதத்தை விரித்துப் பார்க்காமலே இத்தனை நாள் தைத்திருக்கிறேன்.

அந்தப் போலீஸ்காரர் சொன்னாரே, ஒரு நூல் பிரியவில்லை என்று. நான் பெருமைப்பட்டேன், தம்பி. உனக்கு அதை எழுதி வேறு அனுப்பினேன். நீ அதைப் படித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போயிருக்கிறாய்.

கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று அவள்மேல் சத்தியம் செய்தேன். இதைப் படிக்கிற அதிகாரியும் படித்துக்கொள்ளட்டும். அந்தப் பை அவளைக் காப்பாற்ற வெளியே வரப் பார்த்திருக்கிறது. என் தையல் விடவில்லை.

உனக்கு முன்பே தெரியுமா? அதை மட்டும் சொல்.

அக்கா

மே 3

அக்கா,

தெரியும்.

கடிதம் படிக்கிற அதிகாரி இந்தத் தடவை உறையை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாக ஏதாவது ஜோக் அடிப்பார். எனவே இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

இடித்த கணத்திலேயே பார்த்தேன். அவள் பக்கம் டப்பென்று ஒரு சத்தம், சீட் ஓரத்தில் ஏதோ உப்பி எழுந்து, வெளியே வர இடம் தேடி நின்றது. அது என்னவென்று அப்போது புரியவில்லை. அறிக்கையை வக்கீல் என்னிடம் கொடுத்தபோது கடைசிப் பக்கத்தில் புரிந்தது. விசாரணை நடந்தால் அதை நீதிமன்றத்தில் சத்தமாகப் படிப்பார்கள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாய். அதனால் எழுந்து நின்றேன். அவ்வளவுதான்.

நீ முழுப்பழியையும் தூக்கிக்கொள்ளாதே, உன் பழக்கம் அது. அந்தச் சாம்பல் துணுக்கை உன்னிடம் வெட்டச் சொன்னது நான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கவரை மாட்டிவிட்டு, "இது என்னடா துருத்திக்கிட்டு இருக்கு, ஏதோ எழுதியிருக்கு?" என்று கேட்டாய். "வெட்டி எறிக்கா, அசிங்கமா இருக்கு" என்றேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்னன்னு படிச்சுட்டு வெட்டுங்களேன். நான் லேபிளைப் படிக்காம ஒரு குப்பியைத் தொடமாட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். "இது ரத்தம் இல்ல, துணி" என்றேன். நீயும் சிரித்தாய். அவளும் சிரித்துவிட்டாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

அதில் ஏர்பேக் என்று ஒரே ஒரு வார்த்தை. நம் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வரவில்லை. எண்பதில் போனது நான், வெட்டச் சொன்னது நான், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் உன் முகத்தை நினைத்தால் முதலில் வருவது அந்தச் சிவப்புப் பைப்பிங்தான். அதற்காகத்தான் உன்னைப் பார்க்க மறுத்தேன். பொய் எழுதி உன்னை ஆறுதல்படுத்தலாம், நீ கண்டுபிடித்துவிடுவாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதோடு வாயை மூடு. நீ போய்ச் சொன்னால் என் தண்டனை கொஞ்சம் குறையலாம். ஆனால் உன்மேல் வழக்குப் போடுவார்கள். அப்புறம் பொடிசுக்கு யார்? அவளுக்கு அம்மா இல்லை. அப்பா ஆபீசில். அத்தையும் போய்விட்டால்? ஐந்து வருஷம் நான் இருந்துவிடுவேன். நீ வெளியே இரு. இதை நான் மன்னிப்பாகச் சொல்லவில்லை, ஏற்பாடாகச் சொல்கிறேன்.

தம்பி

மே 29

தம்பிக்கு,

உன் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். நான் ஒரே ஒரு வண்டிக்குத் தைத்திருந்தால் உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று பொடிசிடம் டிக்கெட் பெட்டியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றது, பஸ் ஓடிக்கொண்டிருக்கிறதாம். கெஞ்சி வாங்கிக் கட்டிலில் கொட்டி எண்ணினேன். முப்பத்தாறு. டிரைவர் சீட்டுக்கு ஒன்று, பக்கத்துச் சீட்டுக்கு ஒன்று. அப்படியானால் பதினெட்டு வண்டி. பதினெட்டிலும் என் இரட்டைத் தையல். நான் வாயை மூடினால் அவையும் மூடியபடியே ஓடும்.

முதலாளியிடம் சொன்னேன். "கடைப் பேரு என்னாகும்னு யோசிச்சியா?" என்றார். அப்புறம் மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார். அன்றைக்கே எல்லா வண்டிக்காரர்களின் விலாசத்தையும் எழுதிக்கொண்டுதான் கடையைவிட்டு இறங்கினேன். அதை அவர் தடுக்கவில்லை, அந்த நன்றியை மறக்கக் கூடாது.

பிளேடையும் அந்த ரீலையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். கதவைத் தட்டி, "உங்க சீட் கவரை நான்தான் தைச்சேன், அதைப் பிரிக்கணும்" என்றால் முதலில் சிரிக்கிறார்கள். "நல்லா இருக்கறதை எதுக்கும்மா பிரிக்கறீங்க?" என்கிறார்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் முழுதாகச் சொல்கிறேன், என் தம்பி மனைவி எப்படிச் செத்தாள் என்பதுவரை. ஒருத்தர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஒருத்தர் வாயில் வந்தபடி திட்டினார், அவர் இரண்டு குழந்தைகளையும் அந்தச் சீட்டில்தான் தினமும் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறாராம். திட்டி முடிக்கும்வரை நின்றேன், நெட்டை என் முன்னால் நின்ற மாதிரி. ஒரு அம்மாள் மட்டும், "நீங்க சொல்லாமலே இருந்துருக்கலாம்ல" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

என் தையலைப் பிரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு சீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. விரல் நுனி எல்லாம் வெட்டு. பிரித்த பிறகு அந்தச் சிலந்தி வலை நூலால் ஒற்றைத் தையல் போட்டு, சாம்பல் துணுக்கை மறுபடி அதன் இடத்தில் வைத்துத் தைத்துவிட்டு வருகிறேன். முப்பது வருஷத்தில் நான் இவ்வளவு மட்டமாகத் தைத்ததில்லை.

கடைசியாக உன் வண்டிக்கும் போனேன். ஆய்வாளரிடம், தைத்தவள் நான்தான் என்று சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, எதுவும் எழுதாமல் மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். பிரித்துப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டேன். சாட்சிப் பொருள், தொடக்கூடாது என்றார். அதனால் அது அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வக்கீல் முன்னிலையில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேல்முறையீட்டுக்கு மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. உன் வண்டியின் இரண்டு துணுக்குகளையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி வாங்கிக்கொண்டார். அவளைக் கொன்றது உன் வேகம் மட்டும் இல்லை என்று வாதாடுவாராம். என்மேல் வழக்கு வரும் என்றும் சொன்னார். வந்தால் ஊசிக்காரியின் தங்கை வந்து பொடிசைப் பார்த்துக்கொள்வாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டு, "குழந்தைக்காக வர்றேன், உங்களுக்காக இல்ல" என்றாள். சரி என்றேன்.

அறிக்கையை நீதிமன்றத்தில் சத்தமாகப் படிப்பார்கள். நான் முதல் வரிசையில்தான் உட்காரப்போகிறேன். நீ எழுந்து குறுக்கே எதையும் சொல்லாதே. மன்னிக்கவும் வேண்டாம். கடைசிப் பக்கம்வரை படிக்க விடு.

பதினாறு வண்டியைப் பிரித்துவிட்டேன். பிரிக்க முடியாத உன்னுடையதோடு கணக்கில் பதினேழு. பதினெட்டாவது, நீல நிறத்தில் ஒன்று, விலாசத்தில் போய்க் கேட்டால் விற்றுவிட்டார்களாம். வாங்கியவர் வேறு ஒருவருக்கு விற்றிருக்கிறார். அவருக்குப் பிறகு யார் என்று தெரியவில்லை. இப்போது ரோட்டில் நடக்கும்போது நீலத்தில் எது போனாலும் குனிந்து உள்ளே பார்க்கிறேன். சிக்னலில் நிற்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பொடிசு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தது. "டிக்கெட் எல்லாம் நீயே எடுத்துட்டே. ரெண்டுதான் மிச்சம்" என்று கோபம். அப்புறம் அந்த இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்துக் கூட்டி, "ஏ-ர்-பே-க்" என்று வாசித்தது. முதல் தடவையிலேயே சரியாக வாசித்துவிட்டது, தம்பி.

"இது யாரு டிக்கெட் அத்தை? யாரு இன்னும் ஏறல?"

அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திரமாக வைத்திரு, தேடிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

அக்கா